காரணம் தெரியவில்லை

ஜனவரி 12

தம்பி,

மெயில் அனுப்பாமல் தாளில் எழுதுகிறாளே, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைப்பாய். இல்லை. மெயிலில் எழுதினால் நீ என் பேச்சை வரி வரியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பதிலை ஒட்டி அனுப்புவாய். உங்கள் மெயிலிங் லிஸ்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான். தாளில் அந்த வித்தை செல்லாது. உட்கார்ந்து முழுசாகப் படித்துத் தொலை.

நேற்று உங்கள் குழுவின் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். நம் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பின் அடுத்த வெளியீட்டிலிருந்து என் பழைய ஃபயர்வாலைத் தூக்கிவிடப் போகிறீர்களாம். "பாதுகாப்புக் குறை பற்றிய இரண்டு புகார்களுக்குப் பராமரிப்பாளரிடமிருந்து ஏழு மாதமாகப் பதில் இல்லை. காரணம் தெரியவில்லை." இப்படி எழுதியிருக்கிறது. பராமரிப்பாளர் என்றால் நான். குறிப்பு எழுதியவர் யார் என்று கீழே பார்த்தேன். உன் பெயர்.

காரணம் தெரியவில்லையா உனக்கு? அந்த ஏழு மாதமும் அப்பா ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான் ஒருத்திதான். புரட்டிவிட்டு வந்து கணினி முன் உட்காருவேன், கண் சொருகும், மறுபடி கூப்பிடுவார். உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன்? "அக்கா, இந்த வாரம் முடியல, அடுத்த வாரம் கண்டிப்பா." அப்படி எத்தனை அடுத்த வாரம்!

புது ஃபயர்வால் நல்லதுதான். நான் மறுக்கவில்லை, எனக்கொன்றும் அதன்மேல் பொறாமை இல்லை. ஆனால் கணினிக்குள் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று பழையதில் ஐந்நூறு விதி எழுதி வைத்திருக்கும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே இருப்பது ஒரே ஒரு ஆள், அவரும் பாதி நாள் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். அவர்களுக்காக இன்னும் ஒரு வெளியீடு, இரண்டே வருடம், பழையதையும் பக்கத்தில் வைத்திருங்கள் என்றுதான் கேட்டேன். "பார்த்துக்கறேன்கா" என்று நீதான் சொன்னாய். நன்றாகப் பார்த்துக்கொண்டாய். ஓட்டெடுப்பில் நாலுக்கு மூன்று. நீ வாயைத் திறந்து "அவங்க வீட்ல இப்படி ஒரு நிலைமை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் ஓட்டுகூட வேண்டியிருந்திருக்காது. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் நீக்கச் சொல்லிக் கையையும் தூக்கியிருக்கிறாய்.

மூன்று பக்கம் திட்டியாயிற்று. இது நாலாம் பக்கம், வேலை விஷயம். வெளியீட்டுக் குறிப்பை நீதானே எழுதுகிறாய்? இதை அப்படியே அதில் சேர்:

"பழைய ஃபயர்வாலை நீக்கினால் அந்த நிரல்தான் போகும். அது ஏற்கனவே போட்டுவைத்த விதிகள் கணினியின் நினைவில் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும், கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்கும் வரை. புது ஃபயர்வாலின் பட்டியலில் அவை தெரியாது. புதியது திறந்துவிட்ட வழியைப் பழையது அடைத்து வைத்திருக்கும். எது அடைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நீக்குவதற்கு முன் பழைய விதிகளைத் துடைத்துவிடுங்கள்."

பொது லிஸ்டில் நானே எழுதலாம். எழுத மாட்டேன். காரணம் தெரியாத பராமரிப்பாளர் என்று என்னை நிறுத்திய இடத்தில் போய் மறுபடி நிற்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. அப்பா காலை பத்தரைக்குப் போனார். பத்தே முக்காலுக்கு உனக்குப் போன் செய்தேன், எடுத்தாய், அழுதாய். அன்று பதினொன்றரைக்கு உங்கள் குழுவுக்கு ஆன்லைன் கூட்டம். அதிலும் குறிப்பு எழுதியவர் என்று உன் பெயர் இருக்கிறது. எல்லாம் முடிந்து நாலாம் நாள் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய்.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன். வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறீர்கள். நானும் தாளிலேயே பதில் எழுதுகிறேன்.

"நாலுக்கு மூன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் என் ஓட்டு இல்லாவிட்டாலும் அடுத்த கூட்டத்தில் அது போயிருக்கும். இரண்டு பாதுகாப்புக் குறைகள் ஏழு மாதம் சரி செய்யப்படாமல் கிடந்தன. வேறு யாருடைய நிரலாக இருந்தாலும் மூன்றே மாதத்தில் எடுத்திருப்போம். அக்கா என்பதற்காக வீட்டு விஷயத்தைச் சபையில் அவிழ்த்திருந்தால், சொந்தக்காரிக்குச் சலுகை கேட்கிறான் என்று பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு உங்களுக்கும் கௌரவமாக இருந்திருக்காது.

"கல்லுளிமங்கன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். பதினாலு வருடமாகச் சம்பளம் இல்லாமல் ஒரு பழைய நிரலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டுதான் தட்டச்சு செய்கிறீர்கள். உங்கள் தலையிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கினால் நல்லது என்று நான் நினைத்தது குற்றமா?

அப்பா விஷயத்தில் என்னை எத்தனை முறை குத்தினாலும் பதில் இல்லை. இங்கே ரத்த வங்கியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். விடுப்பு கேட்டேன், கொடுக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

தம்பி


பிப்ரவரி 8

தம்பி,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளை நீங்கள் நாங்கள் என்கிறாய். தாளில் எழுதினாலும் என் வரியை வெட்டி மேற்கோள் போட்டுப் பதில் எழுதியிருக்கிறாய் பார், கையில் ஊறிவிட்டது உனக்கு.

அந்த நிரலைத் தலைமுழுகிவிட்டேன். பராமரிப்பாளர் என்ற இடத்திலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டேன். நீ சொன்ன பாரம் இறங்கிவிட்டது, சந்தோஷம்தானே?

வெளியீட்டுக் குறிப்பில் நான் கேட்டதை மட்டும் போடு. இன்னொரு தரம் கேட்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டபடி வெளியீட்டுக் குறிப்பின் கடைசியில், நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். பதினாலு வருடச் சேவை என்றும் போட்டிருக்கிறேன். குழுவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மார்ச் முதல் வாரம் வெளியீடு.

இனி இதைப் பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தம்பி


மே 18

அக்கா,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ரத்த வங்கியில் ஒரு குளிர்பெட்டி சனிக்கிழமை மதியம் நின்றுபோனது. ஏப்ரலில் வந்த புதுப் பெட்டி, பத்தாவது. உள்ளே சூடு ஏறினால் அது நெட்வொர்க் வழியாக எங்கள் கண்காணிப்புக் கணினிக்கு எச்சரிக்கை அனுப்பும். உடனே அன்றைய பொறுப்பில் இருக்கும் லேப் டெக்னீஷியனின் போன் அலறும். போன் அலறவில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது உள்ளே அறைச் சூடு. இருநூற்றுப் பதினோரு பை ரத்தம். அத்தனையையும் அழிக்கச் சொல்லி நாங்களே மஞ்சள் பைகளில் கட்டினோம். ஒவ்வொரு பையிலும் கொடுத்தவரின் எண் ஒட்டியிருந்தது, அக்கா. அன்று ஒரு பிரசவக் கேஸை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

பழி டெக்னீஷியன் அம்மாமேல் விழுந்திருக்கிறது. பதினோரு வருடமாகக் குளிர்பெட்டிகளை அவர்தான் பார்க்கிறார், ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. போனை ஊமையாக்கிவிட்டு வீட்டில் தூங்கிவிட்டார் என்கிறார்கள். நேற்று என் அறைக்கு வந்தார். "சார், என் போன் அடிக்கவே இல்ல. நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். ஆனால் எதை வைத்து நம்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. மார்ச்சில் புது வெளியீட்டுக்கு மாறினேன். கணினியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் எல்லாப் பெட்டிகளின் கண்காணிப்பும் நின்றுவிடும், அதற்கு ஜூனில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது பெட்டி வந்ததும் புது ஃபயர்வாலில் அதற்கு வழி திறந்தேன். இப்போதும் பட்டியலில் பார்க்கிறேன், வழி திறந்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பெட்டியை வைத்த அன்று சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதே. பட்டியலில் திறந்திருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை இரண்டாம் தேதி. கணினியை ஒரு முறை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. போடட்டுமா? உன்னைவிட இது தெரிந்தவர் யாரும் எனக்கு இல்லை.

தம்பி


மே 22

தம்பி,

நிறுத்தாதே. எக்காரணம் கொண்டும் அந்தக் கணினியில் கை வைக்காதே.

ஜனவரியில் நான் எழுதிய கடிதம் வீட்டில் எங்காவது கிடக்கும். கிழித்துப் போடாமல் இருந்தால் எடு. நாலாம் பக்கத்தைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? ஒன்பது பெட்டிகளுக்கு மட்டும் வழி விட்டு, மற்றதெல்லாம் அடை என்று எட்டு வருடம் முன்னால் விதி எழுதினாயே, நினைவிருக்கிறதா? நான் போனில் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். அந்த விதி இன்னும் உன் கணினியின் நினைவில் உயிரோடு இருக்கிறது. உன் பத்தாவது பெட்டியின் வாயைப் பொத்தியது அதுதான். புது ஃபயர்வாலிடம் கேட்டால் தன் விதிகளை மட்டும்தான் சொல்லும், அதன்மேல் தப்பில்லை. பழையதிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருக்கும். அதைத்தான் நீங்கள் நாலுக்கு மூன்று என்று தூக்கி எறிந்துவிட்டீர்களே.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். பழைய நிரல் இதில் இருக்கிறது. முதலில் அதை ஓட்டி, உள்ளே இருக்கும் விதிகளைப் பட்டியல் எடு. தேதியோடு அச்சடி. இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொள். அதற்குப் பிறகு நிறுத்து. முன்னாலேயே நிறுத்தினாயானால் பழைய விதிகள் சுவடில்லாமல் அழிந்துபோகும், பெட்டி பேச ஆரம்பித்துவிடும், அந்த அம்மா போனை ஊமையாக்கியதுதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். உனக்கு வசதிதான். ஒரு விரலை அழுத்தினால் நீ தப்பித்துவிடுவாய்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

உன் கடிதம் மேஜை டிராயரில் இருந்தது. முதல் மூன்று தாள் கசங்கியிருந்தது. நாலாவது மட்டும் நீ மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. முழுவதும் படித்தேன் என்று ஜனவரியில் எழுதினேனே, பொய். அப்பாவின் முதுகுப் புண்ணைத் தாண்டி, மூன்றாம் பக்கத்தில் "கல்லுளிமங்கன்" வரை வந்தேன், அதற்குமேல் முடியவில்லை. எப்படியும் திட்டுதான் இருக்கும் என்று உள்ளே போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்குள் நிறுத்திவிடலாம் என்று இரண்டு தடவை கட்டளையைத் தட்டிவிட்டு, அழித்தேன். நல்ல எண்ணத்தில் இல்லை, பயத்தில். பென் டிரைவ் வந்ததும் நீ சொன்னபடி செய்தேன். பழைய நிரல் அரை நொடியில் கக்கிவிட்டது. ஒன்பது முகவரி, கீழே "மற்றதெல்லாம் அடை". எட்டு வருடம் முன்னால் நான் எழுதிய குறிப்புகூடப் பக்கத்தில் இருந்தது, "அக்கா சொன்னபடி" என்று.

விசாரணையில் தலைவர், மருத்துவர்கள் இருவர், ஓர் எழுத்தர், நான், டெக்னீஷியன் அம்மா. பட்டியலை வைத்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இதெல்லாம் எங்களுக்குப் புரியாதுங்க. எண்ணும் புள்ளியுமா இருக்கு. பட்டியல்ல திறந்திருக்குன்னும் சொல்றீங்க, மூடியிருக்குன்னும் சொல்றீங்க. பேசாம காரணம் தெரியவில்லைன்னு எழுதிடவா? இந்தம்மாவ ஸ்டோருக்கு மாத்திடலாம், யாருக்கும் சங்கடம் இல்ல" என்றார்.

அதே இரண்டு வார்த்தை. டெக்னீஷியன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டைப் பையிலிருந்து உன் நாலாம் பக்கத்தை எடுத்தேன். யாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தது அது ஒன்றுதான். ஜனவரியிலேயே எனக்கு வந்த எச்சரிக்கை, நான் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்தியை வாசித்தேன். தலைவர் "மிச்சத்தையும் படிங்க, முழுசா பதிவு பண்ணணும்" என்றார். சொந்த விஷயம் என்றேன். "விசாரணையில சொந்த விஷயம் ஏது?" என்றார். படித்தேன், அக்கா. பத்தரைக்கு அப்பா போனது, பத்தே முக்காலுக்கு நீ போன் செய்தது, பதினொன்றரைக்கு நான் கூட்டத்தில் இருந்தது, நாலாம் நாள் பெட்டியோடு வந்தது, எல்லாவற்றையும் என் வாயாலேயே படித்தேன். எழுத்தர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாவை அதே வேலையில் வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தற்காலிக நீக்கம். நிரந்தரமாகும் என்றுதான் பேச்சு. வெளியே வரும்போது அவர் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தப்பு. லினக்ஸ் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதால் பழைய கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். ஒன்று கேட்க வேண்டும். பிப்ரவரியில், நன்றிப் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதினேன். நீ கேட்டது அது இல்லை. அதைப் படித்த நிமிடமே நான் நாலாம் பக்கத்தைப் படிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். வெளியீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?

தம்பி


ஜூன் 26

தம்பி,

தெரியும்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். நன்றிப் பட்டியலாம்! சிரித்தேன். முட்டாள், படிக்கவே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். லிஸ்டில் நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் ஏதாவது இடிக்கட்டும், அப்போது தேடிக்கொண்டு வருவார்கள், பராமரிப்பாளர் எங்கே என்று கேட்பார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏதோ ஒரு ஆபீஸில் பிரிண்டர் நிற்கும், ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட் போகும் என்றுதான் நினைத்தேன். ரத்தம் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்தது என்ன பெரிய சாமர்த்தியம்?

கூட்டத்தில் நீ தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று மூன்று பக்கம் திட்டினேன். அதற்கு ஆறு வாரம் கழித்து நானும் அதையே செய்தேன். உனக்காவது ஒரு கூட்டம், ஒரு மணி நேரம். நான் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். மே மாதம் உனக்கு உபதேசம் எழுதினேனே, ஒரு விரலை அழுத்தினால் தப்பித்துவிடுவாய் என்று? அதை எழுதும்போதும் என் பங்கைச் சொல்லவில்லை. அந்த விசாரணை அறையில் இன்னொரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா விஷயம் அப்படியே இருக்கிறது. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அந்த அம்மாவின் முகவரியை மட்டும் அனுப்பு, அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இன்று காலை பொது லிஸ்டில் அந்த எச்சரிக்கையை, ஜனவரியில் எழுதியது என்று சொல்லியே போட்டேன். பழைய நிரலை, விதிகளைப் பார்ப்பதற்கும் துடைப்பதற்கும் மட்டுமாவது, திரும்பச் சேருங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் வெட்டி ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் குழுவில் உன் இடத்துக்கு வந்திருப்பவர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியிலேயே தெரிந்த விஷயத்தைப் பராமரிப்பாளர் ஜூனில் சொல்வது ஏன்? காரணம் தெரியவில்லையே?"

தெரியும் என்று ஆரம்பித்துப் பதில் போட்டிருக்கிறேன். தேதிகளோடு, ஒன்றுவிடாமல். நீ இப்போது லிஸ்டில் இல்லை என்பதால் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கம் வருகிறது.

அக்கா